லாயத்துப் பதினொரு தூண்கள்

1

ஊருக்குப் போய்த் திரும்பிப் பன்னிரண்டு நாளாகிறது. இன்னும் பதற்றம் அடங்கவில்லை. இங்கே அலுவலகத்தில் "விடுமுறை எப்படி இருந்தது?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் "நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். ஜெர்மன் மொழியில் இருபது வருடம் குப்பை கொட்டியும், நான் செய்த ஒரு தப்பை முழுதாகச் சொல்லும் அளவுக்கு அது எனக்கு வசப்படவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். தமிழில் எழுதினால்தான் எனக்கே உறைக்கும்.

சங்கதி இதுதான். ஏற்காட்டில் ஒரு பழைய கடைவீதியைப் பாதுகாக்க நான் இங்கே உட்கார்ந்து ஒரு படம் வரைந்து கொடுத்தேன். அதில் உள்ளபடியே தூண்கள் நட்டார்கள். அந்தத் தூண்களால் என் சிநேகிதி பாவாயி பதினொரு மாதம் நடுரோட்டில் கிடந்தாள். எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்லவே இப்போது கூசுகிறது.

2

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். நடுவில் பழைய சதுக்கம், கருங்கல் பாவிய தரை, மணிக்கூண்டு, வாரத்தில் இரண்டு நாள் காய்கறிச் சந்தை. கூட்டத்துக்குள் வேண்டுமென்றே வண்டியை விட்டு ஆட்களைக் கொல்கிற கொடுமை இந்தக் கண்டத்தில் நடக்க ஆரம்பித்த பிறகு, சதுக்கத்தின் வாயிலெல்லாம் தடுப்புத் தூண் நட வேண்டும் என்று ஆயிற்று. எங்கே நடுவது, எத்தனை நடுவது, இடையில் எவ்வளவு விடுவது என்று பார்க்கிற நகராட்சிப் பிரிவில் நான் இருக்கிறேன். வண்டி நுழையக் கூடாது. மனிதர்கள் நுழைய வேண்டும். சொல்ல எவ்வளவு சுலபம் பாருங்கள்.

ஒரு தூணுக்கு இங்கே நாலு மாதம் ஆகும். முதலில் மரத்தில் பொய்த்தூண் செய்து ஒரு வாரம் நிறுத்தி வைப்போம். அப்புறம் ஆட்களை அழைப்போம். சக்கர நாற்காலிக்காரர்கள், வெள்ளைக் கோல் பிடித்தவர்கள், இரட்டைக் குழந்தை வண்டி தள்ளுகிற தாய்மார்கள். அவர்கள் போய் வந்து, இடிக்கிறது, இடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு படிவம். "யார் யாரிடம் கேட்டீர்கள்?" என்று அதில் ஒரு பத்தி. அதன் கீழே கையெழுத்துகள். ஒரு கையெழுத்து குறைந்தாலும் கோப்பு திரும்பி வந்துவிடும். ஒரு முறை கண் தெரியாத ஒரு பெரியவர் சளியால் வரவில்லை என்பதற்காக மூன்று வாரம் காத்திருந்தோம். நான் வீட்டுக்கு வந்து என் மகள் நிலோஃபரிடம், "இவங்க ஊர்ல ஒரு முளைக்குச்சி அடிக்கறதுக்குள்ள எங்க ஊர்ல கல்யாண மண்டபமே கட்டிருவாங்க" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு இந்த ஊர்தான் ஊர்.

மொழியில் எனக்கு ஒரு சேலத்துக் கோளாறு உண்டு. இங்கே மரியாதைக்கு ஒரு சொல், நெருக்கத்துக்கு ஒரு சொல். நான் எல்லோரையும் மரியாதையில்தான் அழைப்பேன். குழந்தையைக்கூட "வாங்க" என்று சொல்லி வளர்ந்த நாக்கு. மேலதிகாரியின் நாயைக்கூட மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டேன். அலுவலகமே ஒரு வாரம் சிரித்தது. அந்த மரியாதை எல்லாம் நாக்கோடு நின்றுவிட்டது என்று இப்போது தெரிகிறது.

3

ஏற்காட்டில் ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து கொஞ்சம் இறங்கினால் எங்கள் லாயம் வரும். வெள்ளைக்காரன் காலத்தில் எஸ்டேட் துரைமார் குதிரை கட்டிய முற்றம். தரையெல்லாம் கல். ஒரு மூலையில் குதிரைக்குத் தண்ணீர் வைத்த நீளமான கல்தொட்டி இன்னும் இருக்கிறது. குதிரைகள் போய்க் கடைகள் வந்தன. எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், பலசரக்குக் கடை அங்கேதான். அத்தா மூன்று வருடத்துக்கு முன் மவுத்தாகிவிட்டார். இப்போது தம்பி ஜமால் நடத்துகிறான்.

கல்தொட்டியை ஒட்டி இருந்த இடம் பாவாயியுடையது. செம்மநத்தத்துக்காரி. பத்தாம் வகுப்பு வரைக்கும் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு காலும் போய்விட்டது. படிப்பு முடிந்ததும் காபித்தூள், மிளகு, சீசனுக்கு ஆரஞ்சு, பலா என்று தன் காட்டில் விளைந்ததைக் கொண்டு வந்து அங்கே விற்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் வந்து இறங்கி, கையை ஊன்றித் தவழ்ந்து உள்ளே வருவாள். ஆறு வருடத்துக்கு முன் அரசாங்கம் கொடுத்த ஸ்கூட்டர் கிடைத்தது. பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்தது. அன்று அவள் அதை லாயத்துக்குள் ஓட்டி வந்து தொட்டியைச் சுற்றி மூன்று தடவை வட்டமடித்ததை ஜமால் படம் பிடித்து அனுப்பினான். நான் இங்கே டிராமில் உட்கார்ந்து அழுதேன்.

போன வருடம் கோடை சீசனில், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில், ஒரு சுற்றுலா வேன் பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் நேராக லாயத்துக்குள் பாய்ந்தது. பழனியண்ணன் போண்டாக் கடையின் அடுப்பை இடித்துக்கொண்டு நின்றது. இரண்டு பேருக்குக் கால் முறிவு. உயிர்ச்சேதம் இல்லை, அது அல்லாஹ்வின் கிருபை.

மறுநாள் ஜமால் போன் செய்தான். "அக்கா, நீ அங்க இதே வேலைதான பண்ற? நம்ம லாயத்துக்கு ஒரு வழி சொல்லேன். கடைக்காரங்க எல்லாரும் காசு போடறம்ங்கறாங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊருக்கு நான்! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணியை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தம் போட்டு இறக்குவதற்குள் படம் முடிந்துவிட்டது. பதினொரு தூண். இரும்புக் குழாயில் கான்கிரீட் ஊற்றியது. இரண்டு தூணுக்கு நடுவே தொண்ணூறு சென்டிமீட்டர், அதாவது மூணடி. சக்கர நாற்காலி தாராளமாகப் போகும் என்று ஒரு சின்ன நாற்காலிப் படம்கூட அம்புக்குறியோடு போட்டேன். "ஊனமுற்றோருக்கும் ஏற்றது" என்று கீழே எழுதினேன். என் கையெழுத்தையும் போட்டேன்.

யாரிடமும் கேட்கவில்லை. அந்நிய ஊரில் ஒரு தூணுக்கு இருபது பேரைக் கேட்கிறவள், சொந்த ஊரில் பதினொரு தூணுக்கு ஒருத்தரையும் கேட்கவில்லை. நம்ம ஊர்தானே, எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு.

4

தூண் நட்டு ஒரு வருடம் ஆகப் போகிறது, ஒரு சின்னக் கூட்டம் வைக்கிறோம், நீ வந்தால் பொன்னாடை போர்த்துவோம் என்றார்கள். மகளையும் இழுத்துக்கொண்டு போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி லாயத்து முகப்பில் நின்றதும் நிலோஃபர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இவங்களை எல்லாம் இங்கயா புதைச்சிருக்காங்க?" என்று கேட்டாள். குரலில் நிஜமான பயம்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பார்த்தேன். பதினொரு தூணிலும் மஞ்சள் பெயின்ட் அடித்து, கறுப்பில் பெயர் எழுதியிருந்தது. உபயம், உபயம், உபயம். ஒவ்வொன்றும் இறந்துபோன ஒருவர் நினைவாக. நடுத்தூணில் எங்கள் அத்தா பெயர், முன்னால் 'மர்ஹூம்' போட்டு. அதற்கடுத்தது பழனியண்ணனின் மனைவி சரசக்கா. அதில் சாமந்திச் சரம் சுற்றிக் குங்குமமும் வைத்திருந்தது. ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தாலே வெளிச்சம் வராத அளவுக்குப் பெயர் எழுதுகிற ஜனம் நாம். தூண் கிடைத்தால் விடுவோமா? மகளுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு நான் சிரித்தேன். அத்தா பெயரைத் தடவிப் பார்த்தபோது கண் கலங்கியது. பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

உள்ளே போனேன். தொட்டி ஓரத்தில் பாவாயி இல்லை. அவள் இடத்தில் ஆள் உயரத்துக்குக் கூல்டிரிங்க்ஸ் பிரிட்ஜ் ஒன்று நின்றிருந்தது.

"பாவாயி எங்கடா?"

ஜமால் கடலைப் பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "அவ இப்ப உள்ள வர்றதில்லக்கா" என்றான்.

"ஏன்? ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கா. மேல ரோட்டு வளைவுல போட்டு விக்கறா. அங்க யாவாரம் நல்லாத்தான் ஓடுதுங்கறாங்க."

"இந்த பிரிட்ஜ் யாருது?"

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். எங்கள் கடையுடையதுதான்.

5

வளைவு எது என்று ஏற்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் அந்த வேன் பிரேக் போய் எங்கிருந்து இறங்கியதோ, அதே வளைவு. சாக்கடை ஓரம், ஒரு பக்கச் சக்கரம் மண்ணில், மறு பக்கச் சக்கரம் தாரில் என்று ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்தி, அதன் மேலேயே அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் தராசு. இரண்டு பக்கமும் மூட்டை. ஒவ்வொரு பஸ் திரும்பும்போதும் அதன் பின்பக்கம் அவள் தோளுக்கு ஒரு முழத்தில் போய் வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடினேன்.

"ஏம்புள்ள ஷாகிரா! எப்ப வந்த? கண்ணு, நீதான் நிலோஃபரா? ஏஞ்சாமி, இத்தன வளந்துட்ட!" என்று மகளின் கன்னத்தை வழித்தாள். ஒரு ஆரஞ்சை அவள் கையில் திணித்தாள்.

எனக்கு அவளோடு குசலம் விசாரிக்கத் தெம்பில்லை. "ஏம் பாவாயி இங்க ஒக்காந்திருக்க?" என்று கேட்டேன்.

"வண்டி போவாதே புள்ள" என்றாள், மழை பெய்கிறது என்று சொல்வது போல. "உன்ற தூணு மூணடி. என்ற வண்டி மூணே முக்காலு."

அவ்வளவுதான். முக்கால் அடி. நான் அந்தச் சின்ன நாற்காலிப் படத்தை அம்புக்குறியோடு வரைந்தபோது, எங்கள் மலையில் யார் சக்கர நாற்காலியில் போகிறார்கள் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். ஒருத்தர்கூடக் கிடையாது. அந்த ஏற்ற இறக்கத்தில் நாற்காலியை யார் தள்ளுவது? அரசாங்க ஸ்கூட்டர்தான். அது லாயத்துக்குள் வந்த படத்தைப் பார்த்து அழுதவளே நான்தான்.

"மொதல்ல எல்லாரும் தூக்கி விட்டாங்க" என்றாள் பாவாயி. "மூட்டைய ஒருத்தரு, என்னைய ஒருத்தரு. மூணு நாளு தூக்குனாங்க. நாலாம் நாளு 'இரு, வரேன்'னாங்க. அஞ்சாம் நாளு நானே கூப்படல. யாவாரத்த விட்டுட்டு எத்தன நாளைக்கு வருவாங்க? மறுபடியும் தவழ்ந்து போலாம்னு பாத்தேன். ஒரு நாளு போனேன். வண்டி வாங்குன பொறவு தவழறது முன்ன மாதிரி இல்ல புள்ள. எல்லாரும் பாக்கறாங்க."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? ரம்ஜானுக்குப் பேசுனம், பொங்கலுக்குப் பேசுனம்…"

"நீ என்ன கேட்ட? 'லாயம் எப்படி இருக்குது, தூணு அழகா இருக்குதா'ன்னு கேட்ட. அழகா இருக்குதுன்னேன். நெசமாவே அழகாத்தான் இருக்குது." பிறகு குரலைத் தணித்தாள். "நடுவால உங்கத்தா பேரு. எனக்கு அந்த எடத்தக் காட்டி 'இது பாவாயியோடது, யாரும் கை வெக்கக் கூடாது'ன்னு சொன்ன மனுசன். செத்தவரு பேரு போட்ட தூணப் புடுங்குன்னு எந்த வாயால சொல்றது?"

நிலோஃபர் அதுவரைக்கும் ஆரஞ்சை உரிக்காமல் கையில் வைத்திருந்தாள். தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து பாவாயியிடம் நீட்டினாள். வெயில் சுள்ளென்று அடித்தது.

"வேண்டாங்கண்ணு. தண்ணி குடிச்சா ஆவாது."

"ஏன்?" என்று மகள் கேட்டாள்.

பாவாயி என்னைப் பார்த்தாள், பிறகு ரோட்டைப் பார்த்தாள். "பொம்பளைங்க கக்கூசு லாயத்துக்குள்ள இருக்குது சாமி. காலையில ஊட்டுல இருந்து கெளம்பையில ஒரு வாய் குடிப்பேன். சாயங்காலம் ஊடு போயித்தான் மறுவாய்."

பதினொரு மாதம். மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்கள் பத்திரமாகப் போண்டா சாப்பிட, இவள் காலையிலிருந்து நாக்கு வறண்டு வேன் பாய்கிற வளைவில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரையும் ஆபத்திலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு, ஒருத்தியை மட்டும் ஆபத்தின் வாயில் கொண்டு போய் வைத்திருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இந்த வேலிக்குக் கையெழுத்து நான் போட்டது.

6

மறுநாள் கூட்டம். பொன்னாடையை மடித்துத் தட்டில் வைத்திருந்தார்கள். நான் அதைத் தொடவில்லை. "ஒரு தூணைக் கொஞ்சம் தள்ளி நட வேண்டும்" என்றேன். எதற்கு என்றும் சொன்னேன். பாவாயி வளைவில் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்றும், தண்ணீர் விஷயத்தையும் சொன்னேன். சில பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கிறது. அதுதான் எனக்கு அடுத்த அதிர்ச்சி. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் என் அத்தாவோடு டீ குடித்தவர்கள்.

"ஏனுங்கம்மா, வழிய அகலப்படுத்துனா மறுபடியும் வேனு வந்துருமுங்களே?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வேன் அஞ்சடிக்கு மேல் என்று அளவு சொன்னேன். ஒரே ஒரு தூணை ஒரு பக்கமாக ஒன்றேகால் அடி நகர்த்தினால், ஒரு பக்கம் நாலேகால் அடி, மறுபக்கம் குறைந்துவிடும். பாவாயி வண்டி போகும், வேன் போகாது.

"எந்தத் தூண?" என்றார் பழனியண்ணன்.

ஒவ்வொருவர் கண்ணும் அவரவர் தூணுக்குப் போனதைப் பார்த்தேன். பழனியண்ணன் எழுந்து நின்றார். "தப்பா நெனைக்காத கண்ணு. சரசு தூணுக்கு நான் தெனமும் பூ வெச்சுட்டுத்தான் அடுப்பு பத்த வெக்கறேன். நட்டதப் புடுங்குனா அவ எங்கிட்ட இருந்து ரெண்டாந்தடவ போன மாதிரிங்க."

அவரை நான் என்ன சொல்வது? வண்டியை நிறுத்துவதற்கு நான் வரைந்தது. அதில் அவர் மனைவியை வைத்துவிட்டார்.

"எங்க அத்தா தூணை எடுங்க" என்றேன்.

ஜமால் பாய்ந்து எழுந்தான். "அக்கா, உனக்குப் பைத்தியமா? அத்தா பேரைக் கடப்பாரை போட்டுப் பேக்கறதா? ஊரு என்ன சொல்லும்? நீ பாட்டுக்குப் பிளைட் ஏறிப் போயிருவ. தெனமும் அந்த எடத்தத் தாண்டிக் கடை தெறக்கறவன் நானு."

"அத்தா இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தேன்.

"அத்தா இருந்திருந்தா உன்னய மொதல்ல கேட்டிருப்பாரு, எங்கிருந்தோ படம் வரஞ்சு அனுப்பறயே, வந்து பாத்தியான்னு."

பளாரென்று அறைந்தது போல இருந்தது. ஏனென்றால் அது உண்மை. அவனும் பிரிட்ஜை நினைத்துத்தான் அவ்வளவு கத்தினான் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இருந்தாலும் அவன் சொன்னது உண்மை. நான் உட்கார்ந்துவிட்டேன். அவன் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டான். இதை எழுதும் வரை அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

7

இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வது என்று முடிவு செய்தேன். மரத்தூண் செய்ய நேரமில்லை. பழனியண்ணன் தன் காலி எண்ணெய் டின்களில் மணல் ரொப்பிக் கொடுத்தார். தூணைத் தர மனசில்லாத மனிதர், டின்களைத் தானே தூக்கி வந்து வைத்தார். லாயத்துக்கு வெளியே, சமமான இடத்தில், நாலடி இடைவெளி விட்டு நிறுத்தினோம். நிலோஃபர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். அவள் ஒரு வேலையில் என்னோடு சேர்ந்து நின்று எத்தனையோ வருடமாகிறது.

பாவாயி ஓட்டி வந்தாள். வலது பக்கத்து டின் தடாலென்று சாய்ந்தது.

"நாலடி விட்டிருக்குதே!" என்றேன்.

"சரக்கோட வர வேண்டாமா?" என்றாள் பாவாயி. பக்கத்தில் தொங்கிய மூட்டையைத் தட்டிக் காட்டினாள். "வெறும் வண்டிய ஓட்டிக்கிட்டு நான் லாயத்துல என்ன பண்றது, ஊர்வலமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் கூட்டத்தில் நாலேகால் என்று வாய் கிழியப் பேசியவள், டின்னை வைக்கும்போது மூட்டையை மறந்து நாலடியில் வைத்திருக்கிறேன். எத்தனை தடவை பட்டாலும் எனக்குப் புத்தி வராது போலிருக்கிறது. நாலேகாலுக்கு நகர்த்தினோம். சுத்தமாகப் போய் வந்தாள். மூன்று முறை போகச் சொன்னேன். "போதும் புள்ள, பெட்ரோல் என்ன உங்கூட்டுதா?" என்றாள்.

அடுத்த நாள் கொத்தனார் வந்தார். கடப்பாரையை முதலில் என் கையில் கொடுத்தார். மகள் நான், நான்தான் முதல் அடி போட வேண்டுமாம். பிஸ்மில்லாஹ் சொல்லி அத்தா தூணின் அடியில் போட்டேன். கல் தெறித்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஓரமாக நின்று அழுதேன். அழுகை அத்தாவுக்காகவா, வெட்கத்துக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தூணை எடுத்துக் கிழக்கே தள்ளி நட்டு, கான்கிரீட் இறுக இரண்டு நாள் ஆயிற்று. பெயரைத் திரும்ப எழுதட்டுமா என்று பெயின்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். பெயர் உரிந்துபோன அந்தத் தூணைப் பழனியண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரசக்கா தூணில் வழக்கம் போலப் பூ வைத்தார்.

நான் கிளம்ப இருந்த நாள் காலையில் பாவாயி வந்தாள். ஜமால் கடையில் பாதி ஷட்டர்தான் திறந்திருந்தது. ஆனால் தொட்டி ஓரத்தில் பிரிட்ஜ் இல்லை. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இரண்டு பக்கமும் மூட்டையோடு, மெதுவாக, தூணுக்கு நடுவே வண்டியை விட்டாள். இடது சக்கரம் உள்ளே வந்தது. வலது சக்கரம் வந்தது. மூட்டை உரசவில்லை. கல்தரையில் வண்டி கடகடத்துக்கொண்டு தொட்டியை நோக்கிப் போனது. பழனியண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். அதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் தட்டினார். லாயம் முழுக்கக் கைதட்டல். யாரோ விசில் அடித்தார்கள். சுற்றுலாக்காரர்கள் சிலர் என்ன ஏது என்று தெரியாமல் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

பாவாயி நடு முற்றத்தில் வண்டியை நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள்.

"எதுக்குங்க கை தட்டறீங்க?" என்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "நான் முப்பது வருசமா வந்துட்டிருந்த எடமுங்க இது. என்னமோ எனக்குப் புதுசாக் குடுத்த மாதிரி தட்டறீங்களே."

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியாக நின்றது என்னுடையது.